அம்மாவுக்குப் போடாத மண்ணு

ஏர் ஓட்டும்போது மாடு முட்டி என் வயிறு கிழிஞ்சப்போ, பட்டணத்து பெரிய ஆஸ்பத்திரியில கொடலை வெளிய இழுத்து வயித்துலயே ஒரு வாய் வெச்சுட்டாங்க. வெளிக்குப் போறதெல்லாம் அது வழியாத்தான். நமக்குத் தெரியாமயே போவும். அம்மா தன்னோட பழைய பொடவையக் கிழிச்சு அந்த எடத்துல கட்டும், அவுக்கும், தொவச்சுக் காயப்போடும். ஒரு நாள் கூட மூஞ்சச் சுளிச்சது இல்ல.

அத மூடறதுக்கு மறுபடி பட்டணம் போனேன். அம்மா வரல, காச்சலுன்னு நைனா சொன்னாரு. மூடின பெறகு டாக்டருலேர்ந்து வார்டு கூட்டற ஆளு வரைக்கும் காத்து பிரிஞ்சுதா, காத்து பிரிஞ்சுதான்னு கேட்டுக்கினே இருப்பாங்க. பிரிஞ்ச அன்னிக்கு வார்டே சிரிச்சுது. இத அம்மாகிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கினேதான் செஞ்சிக்கு பஸ் ஏறினேன். ஊட்டாண்ட வந்தா, அம்மா காயப்போட்ட என் வயித்துத் துணிங்க யாரும் எடுக்காம கொடியிலயே கெடக்குது. அம்மா இல்ல. அந்தக் காச்சல்லயே போயிடுச்சு, அடக்கம் பண்ணி மாசமாவுதுன்னு நைனா அப்பத்தான் சொன்னாரு. அழுதா தையல் பிரிஞ்சிடும்னு மறைச்சாராம். குழியில எல்லாரும் ஒரு பிடி மண்ணு போட்டிருக்காங்க. பெத்த புள்ள நான் போடல.

மூடினா முன்ன மாதிரி ஆயிடும்னாங்க. ஆவல. இத்தினி நாளு சும்மா கெடந்த எடத்துக்கு அடக்கவே தெரியல. ஒரு வாய் கஞ்சி குடிச்சா ஓடணும். மாதா கோயில்ல குடுக்கற பால் பவுடர கரைச்சுக் குடிச்சா இன்னும் மோசம். ஏரிக்கரைக்குப் போறதுக்குள்ள வேட்டி நாசமாயிடும். நைனாதான் அத அலச கெணத்தாண்ட எடுத்துக்கினு போவாரு.

கல்லறத் திருநாள் வந்துச்சு. சாமியார் ஒவ்வொரு கல்லறையா தீர்த்தம் தெளிச்சுக்கினு வருவாரு. அம்மாவாண்ட அவரு வர்றப்போ நான் நிக்கணும். எனக்கு அது ஒண்ணுதான். அதுக்காவ மொத நாளே சாப்பாட்ட நிறுத்திட்டேன். வயித்துல ஒண்ணும் இல்லன்னா இன்னா வரப்போவுதுன்னு. நைனா நான் அம்மாவுக்காவ ஒருசந்தி புடிக்கிறேன்னு நெனச்சு தானும் பட்டினி கெடந்தாரு.

"இன்னாடா, ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா சாமியாராப் போவப் போறியா?"ன்னுச்சு கஞ்சி எடுத்தாந்த அத்தை. அப்படியே நெனச்சுக்கட்டும்னு உட்டுட்டேன்.

அன்னிக்குத் தூறிக்கினு இருந்துச்சு. மெழுகுவத்தி நிக்கல, நைனா தேங்கா மூடிக்குள்ள வெச்சு ஏத்தினாரு. அம்மாது புதுசு, கடைசி வரிசை. சாமியார் கிட்ட வர வர வயிறு முறுக்குது. பல்லக் கடிச்சுக்கினு நின்னேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்துட்டாரு. வெறும் வயிறுதான், ஆனா தண்ணி மாதிரி காலு வழியா எறங்கிடுச்சு. வேலிக்கு அந்தாண்ட ஓடிட்டேன்.

அங்க குந்திக்கினு அழுவறப்போ, பூச்செடிக்கு ஊத்த எடுத்தாந்த கொடத்தோட நைனா வந்தாரு. காலக் கழுவி உட்டாரு.

"இன்னாத்துக்குடா அழுவற? உங்கம்மா பாக்காததா?"

பாக்கறதுக்கு அம்மா இல்லையே நைனான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. என்னால அவரும் மொத நாளுலேர்ந்து பட்டினி.

திரும்பி வந்தா சாமியார் போயிட்டாரு, வத்தியும் அணைஞ்சிடுச்சு. ஒரு பிடி மண்ணாவது போடலாம்னு குனிஞ்சேன். தையல் போட்ட எடம் குனிய உடல. நைனா அள்ளிக் கையில குடுத்தாரு. போட்டேன். மழையில அம்மா மேல புல்லு மொளச்சிருந்துச்சு. என் மண்ணு அந்தப் புல்லு மேலயே நின்னுச்சு, கீழ எறங்கல.