சாம்பார் சிந்தாத ஸ்பிரிங்

புது காரை வாங்கிய கையோடு, அதைத் தரையோடு தரையாக இறக்கிக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் தொழில் ஓடுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில் என் வேலை, காரோடு வந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் மாட்டுவது. கார் தாழும், வளைவில் சாயாது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும். எவ்வளவு தாழ்த்துவது என்பதில்தான் தகராறு. வாடிக்கையாளரின் ஆசைக்கும் நம் ஊர் வேகத்தடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிற சக தொழில்காரர்களே, பிரவீன் தம்பியின் கதையை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விரல் கணக்கு

டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எல்லாரும் விரலால்தான் அளப்பார்கள். பிரவீனும் அப்படித்தான் வந்தார். ஐ.டி. வேலை, குமணன்சாவடியில் ஃப்ளாட், தவணையில் வாங்கிய, சீறிப் பாய்கிற சிவப்பு கார். "இப்ப நாலு விரல் போகுது சார். ஒரு விரல்கூடப் போகக் கூடாது" என்றார். யாருடைய விரல் என்று கேட்டேன். எனக்கு மில்லிமீட்டரில் சொன்னால்தான் மனசு ஆறும். டேப்பை வைத்து அளந்து, இருபத்தைந்து இறக்கினால் போதும், அதற்குமேல் போனால் ஆள் ஏறியதும் முட்டும் என்றேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். புது ஆட்களிடம் எனக்குக் குரல் எழும்பாது. அவர் செல்போனில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் காரின் படத்தைக் காட்டி, நாற்பத்தைந்தே மாட்டச் சொல்லிவிட்டார்.

மாட்டிக் கீழே இறக்கியதும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். எங்கள் மெக்கானிக் ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டே என் காதருகில் வந்து சொன்னான்: "இன்னாண்ணே இது, காரு பல்லி மாரி படுத்துகினு கீது."

முருங்கைக்காய்

அடுத்த திங்கட்கிழமை பிரவீன் வந்தபோது அவர் முகம் காரைவிடத் தாழ்ந்திருந்தது. அவருடைய மாமியார் சரோஜா அம்மா இருப்பது ஆவடியில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு தூக்குச் சட்டி நிறையச் சாம்பாரோடு மகள் வீட்டுக்குக் கிளம்புவார். கூட்டிவருவது மாப்பிள்ளை. தூக்கு வருவது மாமியார் மடியில்.

அந்த ஞாயிறு பருத்திப்பட்டு தாண்டியதும் ஒரு வேகத்தடை. ஸ்பிரிங் முழுசாக அமுங்கி, அதற்குமேல் அமுங்காமல் தடுக்க அடியில் வைத்திருக்கும் ரப்பர் கட்டையில் கார் போய் முட்டியிருக்கிறது. சாம்பார் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, பாதி புடவையிலும் பாதி சீட்டிலும் இறங்க, ஒரு முருங்கைக்காய்த் துண்டு மாத்திரம் மாப்பிள்ளையின் சட்டைக் காலருக்குள் போய் உட்கார்ந்துவிட்டதாம். மனைவி கவிதா ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார். வருகிற ஞாயிறு ஒரு சொட்டு சிந்தினாலும் சிவப்பு காரை விற்றுவிட்டு, உயரமான குடும்ப வண்டி வாங்க வேண்டும்.

பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடலாமே என்றேன். பிரவீன் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு, அதற்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் சொன்னார்: "அதுலயும் வளைவுல அலம்பி ரெண்டு சொட்டு சிந்தும் சார். இத்தனை நாள் யாருக்கும் தெரியாம நான்தான் தொடச்சிட்டிருந்தேன்."

கேட்கக் கூடாத கேள்வி

ஆக, குதிக்கவும் கூடாது, சாயவும் கூடாது. இருபத்தைந்து இறக்கத்தில் எங்களிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று கீழிருந்து மேல்வரை ஒரே விறைப்பு. மற்றது ஒரு முனையில் சுருள் நெருக்கமாக இருக்கும். சின்னக் குலுக்கலுக்கு மெத்தென்று கொடுத்து, பாரம் ஏற ஏற விறைக்கும். எது சரி என்று சொல்ல, பின்சீட்டில் ஏறுகிறவரின் எடை தெரிய வேண்டும். அதனால் யார் வழக்கமாக ஏறுகிறார்களோ அவர்களையே அழைத்துவந்து உட்கார வைத்து அளப்பது எங்கள் வழக்கம். சரோஜா அம்மா வந்தார், தூக்கோடு. ஒரு பெண்மணியிடம் எடையை எப்படிக் கேட்பது? கார் எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று, இந்த டயருக்கும் அந்த டயருக்குமாகக் குனிந்து குனிந்து அளந்தேன். ஜன்னல் கண்ணாடி இறங்கியது. "என்ன அண்ணாச்சி, டயர்கிட்ட அப்படி என்னத்தத் தேடுதீய? என் வெயிட்டு வேணும்னா கேக்க வேண்டியதுதான, எழுவத்தெட்டு."

ஏழுமலையின் பேன்ட்

நெருக்கச் சுருள் வகையே சரி என்று முடிவானது. மாட்டினோம். கார் தரையில் தன் பாரத்தில் நின்ற பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும். அதையும் தவறாமல் செய்தோம். பிறகு தூக்கில் தண்ணீர் நிரப்பி, ஏழுமலையின் மடியில் வைத்து, பிரவீன் ஓட்ட, அண்ணனூர் வரை போய்த் திரும்பினோம். வளைவில் தண்ணீர் அசையவே இல்லை. வேகத்தடைகளில் இரண்டு இடத்தில் மட்டும் துள்ளி விழுந்தது. எனக்கு இதற்குமேல் எதை மாற்றுவது என்று தெரியவில்லை. ஏழுமலைக்கு வேறு கவலை. "அண்ணே, டீக்கடைக்கு நீயே போய்ட்டு வா. இந்தப் பேன்ட்டோட போனா இன்னா சொல்லி சமாளிப்பேன்?"

ஞாயிற்றுக்கிழமை

முன்சீட்டில் என்னையும் உட்கார வைத்துக்கொண்டார் பிரவீன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வழியாகக் குமணன்சாவடி. வேகத்தடை வரும்போதெல்லாம் நானும் அவரும் சேர்ந்தே மூச்சைப் பிடித்தோம். பின்சீட்டில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குக் கூச்சம், அவருக்குப் பயம்.

ஃப்ளாட் வாசலிலேயே கவிதா காத்திருந்தார். புடவையைப் பார்த்தார், சீட்டைத் தடவினார், தூக்கின் வெளிப்பக்கத்தை விரலால் துடைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பிரவீன் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். என் அளவு தோற்காது என்று எனக்கும் ஒரு நிமிடம் தலை கிறுகிறுத்தது. கவிதா மூடியைத் திறந்தார். தூக்கைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். உள்ளே எதுவும் நகரவில்லை. "அம்மா, இது சாம்பாரா பொங்கலா?"

சரோஜா அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "தண்ணி கொறைச்சு வச்சேன். அந்த வண்டி இருந்துட்டுப் போவட்டும் ஏட்டி, நான் ஏறயில குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் வாசலுக்கு வந்துல்லா பாக்காவ."

இப்போதெல்லாம் ஸ்பிரிங் கேட்டு வருகிறவர்களிடம் உயரம், எடை, ரோடு மூன்றையும் விசாரித்துவிட்டு, வீட்டில் குழம்பு என்ன பதத்தில் வைப்பார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்கிறேன்.