பெத்லகேம் அல்லாத பட்டணம்

ஜெயசிங் இறந்த பிறகு அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதும் வேலை மகள் ஜிஜாவின் தலையில் விழுந்தது. குன்னத்துகால் பக்கத்துச் சபைகளில் அது வழக்கம். அடக்கத்தன்று அவசரத்தில் ஒரு குறிப்பு வாசிப்பார்கள்: பிறந்தது, திடப்படுத்தல் எடுத்துச் சபையில் சேர்ந்தது, வேலை, கல்யாணம், பிள்ளைகள். பிறகு நினைவு ஆராதனையில் அதையே நிதானமாக, முழுதாக, பீடத்தின் முன்னால் நின்று வாசிப்பார்கள். ஒரு மனிதனைப் பற்றி ஊர் கடைசியாகக் கேட்பது அதைத்தான். அதில் எது வருகிறது, எது விடுபடுகிறது என்று எல்லோரும் காது கொடுப்பார்கள்.

ஜிஜா கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் வேலைகளுக்கு வரைபடம் போடுகிறவள். எழுத்து வராது, அளவு வரும். முதல் பாதி சிக்கலில்லாமல் ஓடியது. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். "மூச்சப் பிடி, ம், விடு" என்று பாதித் தாலுகாவுக்குச் சொன்னவர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பாட்டு வராது, ஆனாலும் பாடகர் குழுவுக்குப் பின்னால்தான் உட்காருவார். ஓய்வுக்குப் பிறகு என்று தொடங்கிய வரியில் கை நின்றது.

அந்த வரிக்கான விஷயம் முன்னறையில் கிடந்தது. இரண்டு பிளைவுட் பலகைகளைச் சேர்த்துப் போட்ட பெரிய மேசை. அதன்மேல் ஒரு நகரம். பாதிக் கட்டடங்கள் மாத்திரை அட்டைப்பெட்டியாலும் பிவிசி குழாய்த் துண்டாலும் ஆனவை. மற்ற பாதி, லேசரில் வெட்டிய எம்டிஎப் பலகையில் துல்லியமாகப் பொருத்தியவை: ஆன்டெனா வைத்த கோபுரம், இடிந்த ஆலை, விண்கலம் இறங்கும் தளம். இடையிடையே விரல் உயரத்தில் வர்ணம் பூசிய ஆட்கள், துப்பாக்கியும் கவசமுமாக. இரண்டு பேர் ஆளுக்கொரு படை வைத்துக்கொண்டு, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டு. கட்டடங்கள் ஒளிந்துகொள்ள.

அந்த விளையாட்டு இந்த வீட்டுக்குள் வந்தது ஜிஜாவால்தான். கம்பெனி ஆண்டு விழாவில் கிடைத்த பரிசுப் பெட்டியை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தாள். "என்னது பிள்ளே?" என்று அப்பா கேட்டபோது, "பிள்ளேள் விளையாட்டு, ஆருக்காவது குடுத்திருங்க" என்றாள். அவர் கொடுக்கவில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற சுயம்பு ஒருநாள் சர்வீஸ் ஒயரைச் சரிபார்க்க வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் அந்த அறைக்குள் வேறு யாருக்கும் வேலையில்லை.

அம்மா தங்கபாய்க்கு அது பொறுக்காது. உறவுக்காரர்கள் வந்தால் முன்னறைக் கதவைச் சாத்திவிடுவாள். இப்போதும் அதையே சொன்னாள்.

"அந்தக் கூத்தையெல்லாம் எழுதாத மக்கா. செத்தவிய பேரு கெட்டுப் போவும். பெத்த பிள்ள இல்லாம பொம்ம வச்சு விளையாடினாருன்னு சொல்லுவாவ."

"பிள்ளையாட்டு நான் ஒருத்தி உண்டே அம்மா."

"நீ கோயம்புத்தூர்லல்லா உண்டு."

ஜிஜா பேனாவை மூடி வைத்தாள்.

ஆராதனைக்குச் சில நாள் முன்பு சுயம்பு வந்தார். உள்ளே வராமல் படியில் நின்று செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"திரக்கான வேலை இல்லன்னா ஒரு காரியம் கேக்கணும் மக்கா. சாரு போறதுக்கு முந்தி நாங்க மூணு பில்டிங் பாத்து வச்சிருந்தோம். நெய்யாற்றங்கரையில பேர்ப்பலகை வெட்டுத கடைக்காரன் வெட்டித் தருவான். ஏதுன்னு முடிவு ஆகல்ல. நீ இந்த வேலையாக்கும் பாக்குத, இல்லியா?"

போனை நீட்டினார், மூன்றின் படங்களும் அதில் இருந்தன. ஜிஜாவுக்கு மறுக்க முடியவில்லை. முன்னறையில் மேசையின் இருபுறமும் உட்கார்ந்தார்கள். முதலாவது ஏழு மாடிக் கோபுரம். இரண்டாவது குழாய்கள் பின்னிய ஆலை. மூன்றாவது, தட்டையான கூரை போட்ட குடியிருப்புகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடைபாலம்.

பார்க்கத் தொடங்கியதும் அவள் தன்னை மறந்தாள். ஓர் ஆளை எடுத்து மேசைமேல் இருந்த ஒரு கட்டடத்தின் கதவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி சொன்னாள். அடித்தட்டோடு சேர்த்து ஆள் உயரம் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கதவு இருக்க வேண்டும். இல்லையென்றால் வீடு வீடாகத் தெரியாது, பெட்டியாகத் தெரியும். கோபுரம் அழகுதான், ஆனால் அடி குறுகல், மேசை இடித்தால் விழும். ஆலையில் ஜன்னலே இல்லை, உள்ளே நிற்கிறவன் யாரையும் சுட முடியாது.

"வெட்டுறதுக்கு முந்தி பலகைக்க கனத்த அளக்கச் சொல்லணும் மாமா. மூணு மில்லின்னு விப்பான், மூணு இருக்காது. பலகை சொருகுத காடி லூசானா ஆடும், இறுக்கமானா அடிச்சு ஏத்தும்போ பிளந்துரும். பொறவு, ஓரத்துல எல்லாம் வார்னிஷ் அடிக்கணும். இங்கத்த மழைக்கு எம்டிஎப் அப்பளம் போல பொங்கும்."

"அது தெரியும். மேசையில உள்ள இந்த இடிஞ்ச ஆலைக்க ஒரு மூலை பொங்கித்தான் கெடக்கு. சாரு அத குண்டு விழுந்ததாட்டு பெயின்ட் அடிச்சு வச்சாரு." சுயம்பு சிரித்தார். பிறகு, "சாரு ஏது பாத்தாலும் ஒரே கேள்விதான் கேப்பாரு. கூரை கழருமா? உள்ள கை போவுமா?"

"எதுக்கு?"

"கை நடுங்குமே. ஒராள எடுக்கப் போனா நாலாள தட்டி விட்ருவாரு. பொறவு 'மன்னிக்கணும் சுயம்பு'ம்பாரு. எனக்கு அது கேக்க வய்யா. அதனால கூரை கழருறது பாத்துதான் எடுப்போம்."

கை நடுங்கியது ஜிஜாவுக்குத் தெரியாது. போனில் கை தெரிவதில்லை.

மூன்றாவதில் கூரை தனியாகக் கழன்று வரும்படி இருந்தது. தளங்கள் அகலம். அவள் அதைக் காட்டினாள். சுயம்பு தலையாட்டினார்.

"எனக்க கை நல்லாத்தான் இருக்கு. எதானாலும் மதி, போதும். ஆனாலும் இத எடுப்போம்."

எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "சரித்திரத்துல எனக்க பேரு ஒண்ணும் வேண்டாம். விளையாட்டு ஒரு வரி போட்டா மதி. சாருக்கு அது இஷ்டம் ஆக்கும்."

"எழுதுறேன் மாமா."

எழுதவும் செய்தாள். மறுநாள் சபைச் செயலாளர் ராபின்சன் வந்தார். பாறசாலையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வாசிக்கப் போகிறவர் அவர்தான், அதனால் முன்கூட்டியே பார்த்துவிட நினைத்தார். அம்மா காப்பி போடப் போன நேரம் முன்னறைக் கதவு திறந்து கிடந்தது. ராபின்சன் உள்ளே எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன பிள்ளே இது, ஒரு டவுனே கெடக்கு?"

ஜிஜா வாயைத் திறந்தாள். ஜெபக் கூட்டத்துக்கும் கட்டடக் கமிட்டிக்கும் அப்பா ஏன் வருவதில்லை என்று வருஷக்கணக்காகக் கேட்ட மனிதர். அவர் முகத்தில் சிரிப்பு வரப்போகிறதா என்று பார்த்தாள். வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"கிறிஸ்மஸ் குடிலுக்கு. பெத்லகேம் பட்டணம். சபைக்குக் குடுக்கணும்னு அப்பா செய்துட்டிருந்தாங்க."

சொல்வதற்கு மூச்சுகூடப் பிடிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. காப்பித் தம்ளரோடு வந்த அம்மா அதைக் கேட்டாள், மறுக்கவில்லை. ராபின்சனின் கண் கலங்கியது.

"கொள்ளாம். நல்லாருக்கு கேட்டியா. நாங்க அவியள தப்பா நெனச்சுப் போட்டோம்."

ஜிஜா எழுதிய காகிதத்தை வாங்கி, விளையாட்டு என்று இருந்த வரியை எந்த விளையாட்டு என்று கேட்காமலே அடித்துவிட்டு, மேலே தன் கையாலேயே எழுதினார்.

ஆராதனையில் கோயில் நிறைந்திருந்தது. சுயம்பு வெள்ளை வேட்டி கட்டி, கடைசிப் பெஞ்சின் ஓரத்தில், எப்போது எழுந்து எப்போது உட்கார வேண்டும் என்று முன்னால் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ராபின்சன் நல்ல குரலில் வாசித்தார். "தமது ஓய்வுக் காலத்தை, ஆண்டவர் பிறந்த பெத்லகேம் பட்டணத்தை நம் ஆலயத்துக்காகச் சொந்தக் கையால் உருவாக்குவதிலேயே செலவழித்தார்." யாரோ ஒருவர் மெல்ல ஸ்தோத்திரம் சொன்னார். ஜிஜா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே பின்கழுத்து சுட்டது.

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பட்டணத்தைப் பார்க்க முன்னறையில் நெருக்கினார்கள். அப்பாவின் தங்கை ரத்னபாய் ஓர் ஆளைத் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இது ஆரு? யோசேப்பா?"

ஜிஜா அந்த ஆளை வாங்கக் கையை நீட்டினாள். பின்னாலிருந்து சுயம்புவின் குரல் வந்தது.

"ரோமப் படையாளி ஆக்கும். ஏரோது அனுப்பினது."

"கையில தோக்கு போல இருக்கே" என்று துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினாள்.

"பந்தம் அது. ராத்திரியிலல்லா பிள்ளையளத் தேடிப் போனானுவ."

"தலையில என்னது, கண்ணாடிக் குடம் போல?"

"அந்தக் காலத்து தொப்பி."

ரத்னபாய் திருப்தியாக இறக்கி வைத்தாள். சுயம்பு அந்த ஆளை இரண்டு விரலால் எடுத்து, அது நின்றிருந்த இடத்திலேயே, கூரையின் ஓரத்தில் சரியாக வைத்தார். ஜிஜாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. அவளுக்காக அவர் பொய் சொன்னார், அதுவும் சிரிக்காமல்.

சனிக்கிழமை ராபின்சன் இரண்டு ஆட்களையும் ஒரு பிக்கப் வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய பெட்ஷீட்டும் கயிறும் கொண்டுவந்திருந்தார். கோபுரத்தை ஏரோதின் அரண்மனையாக்குவது என்றும், விண்கலத் தளத்தில் தொழுவம் வைப்பது என்றும் திட்டம் தயார். சுயம்புவும் வந்து பெயின்ட் படாமல் எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆட்களை மட்டும் பஞ்சு போட்ட டிபன் பெட்டியில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தார்.

பாதி ஏற்றிய பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சாரே, கிறிஸ்மஸ் முடிஞ்சா இதுல ஒரெண்ணம் எனக்குக் கிட்டுமா? சின்னது மதி."

ராபின்சன் சிரித்தார். "ஒனக்கு எதுக்குடே சுயம்பு? ஒனக்க கோயில்லயும் குடில் கட்டப் போறியா?"

ஏற்ற வந்தவர்களும் சிரித்தார்கள். சுயம்புவும் சேர்ந்து சிரித்தார், கேட்டது தப்பு என்பதுபோல. அந்தச் சிரிப்பைத்தான் ஜிஜாவால் தாங்க முடியவில்லை.

"இது குடில் இல்ல" என்றாள்.

"என்னது?"

"அப்பா குடில் கட்டல்ல. இது விளையாட்டு. அப்பாவும் சுயம்பு மாமாவும் சனிக்கிழம விளையாடுறது. பாதிச் சாமானம் மாமாவுக்குச் சொந்தம். நான் வெக்கப்பட்டு மாத்திச் சொன்னேன்."

வண்டிக்காரன் கயிற்றைக் கீழே விட்டான். கதவுக்குப் பின்னால் அம்மா "எனக்க கர்த்தாவே" என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. ராபின்சன் கோபப்படுவார் என்று ஜிஜா எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. வெளிறிப்போனார்.

"பீடத்துக்கு முன்ன நின்னு வாசிச்சது நானாக்கும் பிள்ளே. செத்தவருக்க பேருல பொய் வாசிச்சேன்னா?"

"பொய் நான் சொன்னது. உங்களது இல்ல."

"வாயி எனக்க வாயிதானே." பெட்ஷீட்டை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "ஞாயிற்றுக்கிழம அறிவிப்பு நேரத்துல நீயே வந்து சொல்லு. நான் இனி வாசிக்க மாட்டேன்."

அவர்கள் போன பிறகு, ஏற்றியதையெல்லாம் சுயம்புவும் அவளும் இறக்கினார்கள். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள்.

"எதுக்குப் பிள்ளே இப்ப சொன்ன?" என்றார் சுயம்பு. "சாருக்கு நல்ல பேராட்டு முடிஞ்சிருந்து. இனி ஊரு சிரிக்கும். ஆண்டவனுக்குச் செய்தவருன்னு இருந்தவரு, இனி பொம்ம வச்சு விளையாடினவரு."

"ஒரு வரி போடச் சொன்னது நீங்கதான மாமா."

"கேட்டேன். அப்ப சொல்லியிருந்தா அது ஒரு வரி. இப்ப சொன்னா அது ஒரு வழக்கு."

அது சரிதான். அவள் கோபுரத்தை மேசையில் வைத்தாள். எந்த மூலையில் இருந்தது என்று தெரியாமல் தவறான இடத்தில் வைத்தாள். அவர் நகர்த்தி வைத்து, "இங்க ஒளிஞ்சுதான் சாரு அதிகமும் தோப்பாரு, சிரிச்சிட்டே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பெயர் சொன்னதும் ஜிஜா எழுந்து போனாள். காகிதம் எடுத்துப் போகவில்லை. மைக் அவள் உயரத்துக்குக் கீழே இருந்தது. சரிசெய்யாமல் குனிந்தே பேசினாள்.

"என் அப்பா ஜெயசிங் குடில் கட்டவில்லை. அப்படிச் சொன்னது நான். ராபின்சன் சாருக்கு அது தெரியாது. அப்பா சனிக்கிழமைகளில் தம் நண்பர் சுயம்புவுடன் வீட்டில் பொம்மைப் போர் விளையாடினார். வேறொரு கிரகத்தில் நடக்கும் போர்."

வாலிபர்கள் இருந்த பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்து அமுங்கியது. பெண்கள் பக்கத்திலும் ஒன்றிரண்டு தலைகள் சாய்ந்தன.

"அப்பாவுக்குக் கை நடுங்கும். எனக்குத் தெரியாது. சுயம்பு அவருக்காகக் காத்திருப்பார். பெரும்பாலும் அப்பாதான் தோற்றார். அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்தது. நான் அதை மறைத்தேன். மன்னிக்க வேண்டும்."

மன்னிப்புக்கு இந்த இடத்தில் பதில் சொல்லும் முறை எதுவும் கிடையாது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ராபின்சன் மைக்கை வாங்கி உயர்த்திப் பொருத்தி, பெண்கள் ஐக்கியக் கூட்டம் வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்டிருப்பதை வாசித்தார்.

ஜிஜா நடந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கபாய் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்து, முன்னால் பார்த்தபடியே இருந்தாள். அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது, பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக, உதடு அசையாமல் சொன்னாள்:

"தோத்த காரியத்த எதுக்குச் சொன்ன?"