சுப்பராமனின் பரம சுகம்

கல்பாத்தியில் யாருக்காவது மூலம் முற்றி, கத்தி வைப்பதா வேண்டாமா என்று பேச்சு எழுந்தால், சுப்பராமனைக் கேளுங்கள் என்பார்கள். பள்ளிவாசல் மின்நிலையத்தில் குமாஸ்தா அவர். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் இந்த விசாரணைக்குப் பதில் சொல்வது அவர் தலையெழுத்து. "பரம சுகம்" என்பார். பாவம், வேறு என்ன சொல்வார்?

எல்லாம் மூத்தவள் பாகீரதியின் கல்யாணத்தில் தொடங்கியது. தாலி கட்டும்போது அப்பா நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மூலம் ஆட்டி வைத்துக்கொண்டிருந்த நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தபோது பஞ்சகச்சத்தில் ரத்தம். சம்பந்திகள் பார்க்குமுன் மனைவி சேஷம்மாள் ஓடிவந்து அங்கவஸ்திரத்தால் மறைத்தாள். பாவாடை கட்டிய சின்னவள் ஞானம் மட்டும், "நேக்கும் மடியில எடம் உண்டோ, அப்பா?" என்று கேட்டாள். உண்டு என்றார். ஊசிக்கே பயப்படுகிற மனுஷன் ஆபரேஷனுக்குச் சம்மதித்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

ஆபரேஷன் செய்த பாலக்காட்டு டாக்டர் நல்லவர். புண் ஆறும்வரை தானே வந்து கட்டு மாற்றினார். வலி போயிற்று, ரத்தம் நின்றது. கூடவே மலத்தை அடக்கி வைக்கும் சக்தியும் போய்விட்டது. அவர் அறியாமலே கசியும். மழை விடாத பள்ளிவாசலில், வேட்டிக்குள் கட்டும் துணிகளை அடுப்புக்கு மேல் கொடி கட்டி உலர்த்தினார். பஜனைக்குப் போவதை விட்டார். பந்தியில் உட்காருவதை விட்டார். சேஷம்மாளுக்கு மட்டும் தெரியும். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஒவ்வொரு லீவிலும் டாக்டர், வேதனை உண்டா, ரத்தம் உண்டா என்று விசாரிப்பார். இரண்டும் இல்லைதான். கேட்காத மூன்றாவதைச் சொல்ல நா எழவில்லை. இவ்வளவு செய்தவரிடம் போய்க் குறை சொல்வதா என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தில் இடி விழ.

கேரளம் பிறந்த மறு வருஷம் ஞானத்துக்குக் கல்யாணம். முதல் நாளே பட்டினி கிடந்தார் சுப்பராமன். விடியலில் குளித்து மடியாகப் பஞ்சகச்சம் கட்டினார், ஈரம் பட்டது. மாற்றினார், மறுபடியும். அக்கினிக்கு முன் அசுத்தத்தோடு உட்கார்ந்தால் பாவம் பெண் தலையில் விழுமே என்று நடுங்கினார். கூறைப்புடவையில் கறை பட்டால் அவளை என்ன சொல்வார்கள்? முட்டுவலி, காலை மடக்க முடியவில்லை என்று தம்பி வெங்கிடாசலத்தை உட்காரச் சொன்னார். மணக்கோலத்தில் இருந்த ஞானமே குனிந்து அவர் முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டாள். சித்தப்பா மடியில் அவளுக்குத் தாலி ஏறியது. தாரை வார்க்கும் பாக்கியம் சேஷம்மாளுக்கும் இல்லாமல் போயிற்று. தூண் ஓரமாக நின்று இருவரும் பார்த்தார்கள்.

சாப்பாடு முடிந்து, கல்யாணத்துக்கு வந்திருந்த டாக்டரை மணமக்கள் நமஸ்காரம் பண்ணினார்கள். ஆசீர்வாதம் செய்த கையோடு டாக்டர் சுப்பராமன் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஓய், சம்மணம் போட்டு உக்கார்றதுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே?"

வருஷக்கணக்காகப் பழகிய வாய் அது. யோசிக்கவே இல்லை.

"பரம சுகம் டாக்டர். எத்தனை நாழி வேணும்னாலும் உக்காருவேன்."

சொன்ன பிறகுதான் ஞானத்தைப் பார்த்தார். டாக்டர் நகரும்வரை காத்திருந்தாள் அவள்.

"அக்காவை மட்டும் மடியில வெச்சுண்டேள்" என்றாள். அழவில்லை.

சேஷம்மாள் வாயைத் திறந்தாள். சுப்பராமன் அவளைப் பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஞானம் பிறந்தகம் வந்தால் அம்மாவோடு பேசிவிட்டுப் போய்விடுவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்பதையும் அம்மாவிடம்தான் கேட்பாள். பரம சுகம் என்பாள் சேஷம்மாள்.