நாற்காலிக்குப் பின்னால் டீச்சர்

கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கசங்க, சுவர் மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் டீச்சர். அவர் முன்னால் இரண்டு நாற்காலிகள் நெருக்கமாக வழியை அடைத்து நிற்கின்றன. அடைத்தவள் நான். அப்போது எனக்கு நாலு வயது இருக்கும். ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரே அறையில் நடந்த பாலர் வகுப்பு அது.

பாலர் வகுப்பு என்றால் அந்த நாளில் சிலேட்டும் குச்சியும், கூட்டாகக் கத்தும் அ ஆவும்தான். எங்கள் டீச்சர் வேறு மாதிரி. தெற்கே எங்கோ பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். மணி, மரக்கட்டை, கிளிஞ்சல் எல்லாவற்றையும் பாயில் பரப்பிவிட்டு, பிள்ளைகள் எதை எடுக்கிறார்களோ எடுக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவார். இப்போது இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, பெயருக்கேற்ற கட்டணமும் வாங்குகிறார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் இதற்குப் பெயர், சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவது.

மற்ற பிள்ளைகள் கிளிஞ்சல் அடுக்குவார்கள். நான் எதையும் தொட மாட்டேன். வந்ததும் வராததுமாக இரண்டு நாற்காலிகளை மூலைக்கு இழுத்து, அதற்குள் புகுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். தினமும் இதேதான். பள்ளி ஆயா என்னை வெளியே இழுத்துப் போடப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

“அவ வேலைய அவ செய்யட்டும் ஆயா. முடிஞ்சா தானா வருவா.”

நான் செய்தது ஒரு வேலை என்று சொன்ன ஒரே மனுஷி அவர்தான். அதற்காகவே அவரை இன்னும் எனக்குப் பிடிக்கிறது.

ஒரு நாள் அவர் அருகே வந்து குனிந்தபோது, நான் வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தேன். நாற்காலிகளைச் சேர்த்து மூடினேன். அழாதே, தட்டாதே, யார் கூப்பிட்டாலும் பேசாதே என்று உத்தரவு போட்டுவிட்டு, முதல் தடவையாகக் கிளிஞ்சல் அடுக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளி நிர்வாகி வந்து சேர்ந்தார். மூலையில் டீச்சரைப் பார்த்ததும் மனிதர் திகைத்துப்போனார். எழுந்திருக்கச் சொன்னார். குழந்தை திறந்துவிட்டால்தான் வர முடியும் என்று டீச்சர் பதில் சொன்னாராம். ஆயா இதைப் பல வருஷம் சொல்லிச் சிரித்தாள். நிர்வாகி முணுமுணுத்துக்கொண்டே போன பிறகு, எப்போது திறந்துவிடுவாய் என்று டீச்சர் சிரித்தபடி என்னைக் கேட்டார்.

“சங்கு ஊதினா” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுபோனது. அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அப்பா இறந்த பிறகு, துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் அம்மா தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். மதியம் பள்ளி விட்டதும் ஓடி வந்து, எனக்குச் சோறு போட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு திரும்ப ஓடுவாள். சாயங்காலம் வேலை முடியும் சங்கு ஊதி, அவள் வந்த பிறகுதான் பூட்டு திறக்கும். ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. கதவிடுக்கு வழியாக விழும் வெயில் சுவரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பயந்து பயந்து, பயப்படுவதே அலுத்துப்போயிருந்தது.

“இன்னா பண்றது டீச்சர்? தொறந்து வுட்டா தண்டவாளத்துக்குப் பூடுது. ஒரு தபா கூட்ஸு வண்டி வரசொல்ல அங்க நின்னுகினு இருந்துச்சு” என்றாள் அம்மா.

டீச்சர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பூட்டு வேண்டாம், உள்பக்கம் என் உயரத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போடலாம் என்றார். அம்மா மிரண்டுபோனாள். மூடுவதும் திறப்பதும் என் கையில் இருந்தால் நான் ஓட மாட்டேன் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லி, தச்சரையும் அவரே கூட்டி வந்தார். அம்மா சில நாள் தவித்தாள். கடைசியில் எதிர்வீட்டு அக்காவை ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சங்கு ஊதும் வரை யாருக்கும் திறக்கக் கூடாது என்று என்னிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டு, பூட்டாமல் போனாள்.

நான் தாழ் போட்டேன். உடனே திறந்தேன். தண்டவாளம் தெரிந்தது. பார்த்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன், மூடினேன். ஓட வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்த அறையில் நான் முதல் தடவையாக விளையாடியது அன்றைக்குத்தான்.

வேலையில் கை ஓடாமல் அம்மா பாதியிலேயே ஓடி வந்துவிட்டாள். கதவைத் தட்டினாள்.

“தொறடி. நான்தான் வந்துகீறேன்.”

“இன்னும் சங்கு ஊதல” என்றேன்.

கெஞ்சினாள், திட்டினாள். எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக்குள் வந்து உட்காரக் கூப்பிட்டும் போகாமல், அம்மா வெயிலில் எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சங்கு ஊதியதும் திறந்தேன். முகம் கறுத்து, கண் சிவந்து நின்றாள். அடி விழப்போகிறது என்று சுவரோரம் ஒண்டினேன். அவள் அடிக்கவில்லை. உள்ளே வந்து, அந்த அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

“இவ்ளோ நேரமாடி தெனம் உள்ளயே குந்திகினு இருந்த?”