மடியில் மல்லாட்டை மூட்டை

திண்டிவனம் பக்கத்தில் எங்கள் கல்லூரி மைதானத்தில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்கு இந்த வாரம்தான் நான் டிரைவர் ஆனேன்.

மேடு பள்ளம் வந்தால் சீட் என்னைத் தூக்கிப் போடும். ஆள் சீட்டை விட்டு எழும்பினால் இன்ஜின் தானாக நின்றுவிடும், பாதுகாப்புக்காம். பத்தடிக்கு ஒரு தடவை நின்றது.

சூப்பர்வைசர் ஏழுமலை அண்ணன் காலையில் தீர்ப்பு சொன்னார்: "உனக்கு வெயிட்டு பத்தலம்மா. மடியில மல்லாட்டை மூட்டைய வெச்சிக்கினு ஓட்டு."

சொன்னதோடு விடவில்லை. தன் நிலத்தில் விளைந்த பச்சை மல்லாட்டையில், அதுதான் வேர்க்கடலை, அரை மூட்டையைக் கொண்டுவந்தே வைத்துவிட்டார். அப்படியும் ஓட்டினேன். பசங்கள் சிரித்தார்கள்.

மதியம் பொறுக்காமல் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு, பக்கத்தில் கிலோ குறித்திருந்தது. எனக்கு முன்னால் ஓட்டியவர் நூற்றிருபது கிலோ. அளவு முள்ளும் அந்த நூற்றிருபதிலேயே நின்றது. என் எடையான ஐம்பதுக்குத் திருகினேன்.

மூட்டையை இறக்கிவிட்டு மைதானம் முழுக்க வெட்டினேன். வண்டி ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

"இன்னாம்மா பண்ண?" என்று அண்ணன் ஓடி வந்தார்.

"சீட்டு இன்னும் பழைய டிரைவரையே சுமந்துக்கினு இருந்துச்சுண்ணா. இப்பதான் என்னைச் சுமக்குது."

மூட்டையை அவர் திருப்பிக் கேட்கவில்லை. மல்லாட்டை அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது.

வெயிட்டு பத்தாதவர்கள் கமெண்டில் கை தூக்கவும்.