மதலைமுத்து போட்ட பூஜ்யம்

மதலைமுத்து மொட்டைமாடி வெயிலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். மணியையும் தோலையும் ஒரே சட்டியில் போடுவான், பிறகு உட்கார்ந்து பொறுக்குவான். என் தம்பி. மோதி பாக் அரசாங்க குவார்ட்டர்ஸில் இருக்கும் கிளார்க். நாற்பதைத் தாண்டியபின் மாலை வகுப்புக்குப் போய் டேட்டாபேஸ் படித்தவன். கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றத் தெரியாது. ஆனாலும் பிளாக்கில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் நர்ஸாக ஓய்வுபெற்று ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வைக்கு இருந்தேன். இரண்டாயிரத்து ஒன்று ஜனவரி. யார் எவ்வளவு கஞ்சி குடிக்கிறார்கள் என்று பார்க்க அவன் ஒரு புரோகிராம் எழுதித் தந்திருந்தான். கொடுத்த மில்லியையும் குடித்த மில்லியையும் போட்டால் சதவீதம் வரும்.

மற்றவர்களுக்கு இடையிடையே நூறு வந்தது; அங்கிருந்த சுப்பு என்பவருக்கு ஒரு வாரமாகப் பூஜ்யமே வந்தது. மறுநாள் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார் டாக்டர். நானேதான் ஊட்டுகிறேன், குடிக்கிறாரே என்றேன். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் தட்டிக் காட்டினார். சுப்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, குழாய் மட்டும் வேண்டாம் என்றார். முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் குழாயைப் பிடுங்கியதற்காக அவர் கைகளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

இத்தனை வருட அனுபவத்தோடு நான் என்ன செய்தேன்? கஞ்சியை எங்கே துப்புகிறார் என்று தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தேன். என்னம்மா தேடுகிறீர்கள் என்று கேட்டார். மூக்குக்கண்ணாடி என்றேன். அது என் மூக்கின்மேல் இருந்தது.

அதன்பிறகுதான் புத்தி வந்து மாடி ஏறினேன்.

"ஏல, ஒன் புரோகிராம் ஒரு மனுசனைப் பட்டினி போடுது."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, அச்சடித்து வைத்திருந்த புரோகிராமை எடுத்துவந்தான். சுப்பு எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டான். இருநூறுக்கு நூற்றைம்பது என்றேன். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினான்.

"எக்கா, மொதல்ல வகுத்துட்டு அப்புறம் நூறால பெருக்கியிருக்கேன். ரெண்டும் முழு எண்ணுன்னா டேட்டாபேஸ் விடையையும் முழு எண்ணாத்தான் தரும். முக்கால வெட்டிப் போட்டுட்டு பூஜ்யம்னுரும். பூஜ்யத்தை எதால பெருக்கினா என்ன?"

"அப்ப கிண்ணத்தை வழிச்சுக் குடிச்சவனுக்கு மட்டும் நூறா?"

"ஆமா. மத்தவன் பூரா பட்டினி."

"முழு எண்ணு மட்டும் போதும்னு எந்த முட்டாள் சொன்னான்?"

அவன் பட்டாணித் தோலைப் பொறுக்க ஆரம்பித்தான். சொன்னது நான்தான். தசமப் புள்ளி கண்ணில் படாவிட்டால் ஒன்று பத்தாகும், மருந்து விஷமாகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்தைக் கஞ்சிக்கும் கொண்டுவந்து, புள்ளியே கூடாது என்று அவன் உயிரை வாங்கியிருந்தேன்.

"நூறு புள்ளி பூஜ்யம்னு எழுதி, அதை மொதல்ல பெருக்கணும். அப்ப தசமமா எடுத்துக்கும். ஒனக்குத்தான் பிடிக்காது."

"எனக்குப் பிடிக்காதது ஆயிரம் இருக்கு. எழுதுல."

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி இல்லத்துக்கு வந்து அந்த வரியை மாற்றினான். சுப்புவுக்கு எழுபத்தைந்து வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, குழாயைத் திரும்ப எடுத்து வைக்கச் சொன்னார். நான் கஞ்சி கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பு போதவில்லை என்றார் சுப்பு. போய் எடுத்துவந்து போட்டேன்.