கோகிலாவின் ஊர்க்காரர்கள்

கோகிலா இறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, சேலத்தில், ஆஸ்பத்திரியில். காய்ச்சல் என்று போனவள்... நான்கே நாள். வயது நாற்பத்தொன்று.

அன்றிலிருந்து "உங்கள் மாணவிக்கு அஞ்சலி" என்று பலர் எனக்கு எழுதுகிறீர்கள். அவள் என் மாணவி அல்ல. நான் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு மாடியில் குடியிருந்தாள். தனியாக உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தாள். அதில் நான் குறை கண்டுபிடித்தேன். அவ்வளவுதான். "வழிகாட்டி" என்றும் எழுத வேண்டாம்.

மாடியில் ஏதோ விடாமல் கத்துகிறதே என்று கேட்கப் போனதுதான் முதல் நாள். கரண்ட் போய் யூபிஎஸ் அலறிக்கொண்டிருந்தது. திரையில் வறண்ட நிலம். அதில் விரல் நகம் அளவுக்கு மனிதர்கள்.

"என்ன கண்ணு இது?"

"ஊர் கட்டறேனுங்கம்மா."

விளையாடுகிறவர் நிலம், தண்ணீர், மரம் கொடுக்கலாம். அந்தக் குட்டி மனிதர்களுக்கு உத்தரவு போட முடியாது. எங்கே வீடு கட்டுவது, எப்போது சாப்பிடுவது, யாரோடு பேசுவது... எல்லாம் அவர்களே முடிவு செய்வார்கள். அதற்கான விதிகளை எழுதுவதுதான் அவள் வேலை.

"நீ சொன்னாக்கூடக் கேக்க மாட்டாங்களா?"

"எங்கண்ணன் கேக்கற அளவுக்குக் கேப்பாங்க."

இன்னொரு நாள் பார்த்தேன். ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் ஒருத்தி வந்து நிற்கிறாள், அவன் தலையே நிமிரவில்லை. இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டேன். சாப்பிடும் முன் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தாள்.

மறுநாள் காலை மாடியிலிருந்து ஒரே கூச்சல். ஓடினேன்.

ஊரில் இருந்த பதினொரு பேரும் கம்பு மூட்டைகளைச் சுற்றிச் செத்துக் கிடந்தார்கள். "நீங்க சாப்புடுங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல"... ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே நின்று, பட்டினியில்.

"உங்க மருவாதையில ஊரே செத்துப் போச்சுங்கம்மா!" சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு தடவ வேண்டாங்கறது, மூணாந் தடவ உக்காந்தர்றது. இதைக்கூடவா சொல்லித் தரணும்?"

"இதுங்களுக்குச் சொன்னாத்தானுங்க தெரியும்." மூன்று என்ற எண்ணைப் போட்டு ஊரை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். பிழைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம், அவள் ஆஸ்பத்திரிக்குப் போன வாரம், சண்டை.

அந்த ஊரில் ஒரு பெரியவர் இறந்தார். மற்றவர்கள் அவரைத் தாண்டிக்கொண்டு மரம் வெட்டப் போனார்கள்.

"எல்லாரும் வேலைய நிறுத்திட்டா அப்புறம் ஊர் எப்படிங்க பொழைக்கும்?"

"ஒருத்தராச்சும் பக்கத்துல உக்கார வேண்டாமா? இத்தன நாளா எழுதற, இன்னும் ஒரு மனுசன எழுத வரலியே உனக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது. என் கணவர் போன அன்று பக்கத்தில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாள் அவள் கீழே இறங்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் படியில் நின்றபடியே சொன்னாள்: "மாத்திட்டேனுங்க. ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது... நாளைக்கு வந்து பாருங்க."

மறுநாள் ஆஸ்பத்திரி.

இன்று காலை எருமப்பட்டியிலிருந்து அவள் அண்ணன் முருகேசன் வேனோடு வந்தார். துணிமணி, பாத்திரம், லேப்டாப், எல்லாவற்றையும் ஏற்றினார். "எங்க பாப்பா காலேஜுக்கு ஆகுமுங்க. கடையில குடுத்து, உள்ள இருக்கறத அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக்கறமுங்க."

கெட்ட மனிதர் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னார்.

அதில் அவள் செய்த வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கையைப் பறிகொடுத்து நிற்கிறவரிடம் விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசுகிற கிழவி என்று நினைப்பாரோ... நானே கேட்டைத் திறந்துவிட்டேன். வேன் போய்விட்டது.

மதியம் போன் செய்தேன். எனக்குப் போனில் காது சரியாகக் கேட்காது. அங்கே கோழிப் பண்ணைச் சத்தம் வேறு. அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இதுவரை தெரியவில்லை.

வேறெங்காவது அதற்கு அவள் நகல் வைத்திருந்தாளா என்றும் தெரியாது. கேட்கத் தோன்றியதில்லை.

என்ன மாற்றினாள்? யாராவது உட்கார்ந்தார்களா? எவ்வளவு நேரம்? நான் பார்க்கவில்லை.

போய் வா, கோகிலா.

முருகேசன் அவர்களுக்கு: இந்தப் பதிவை உங்கள் மகளாவது பார்ப்பாள் என்று நம்புகிறேன். லேப்டாப்பைக் கடையில் கொடுத்துவிட்டீர்களா? போன் வேண்டாம். ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அழித்தாகிவிட்டது என்றால் அதையும் எழுதுங்கள்.